அல்ஜியர்ஸ் குண்டுவீச்சு அச்சுப்படமும் தமிழகத்து அடிமைமுறையும்: ஒரு வரலாற்று ஒப்புநோக்கு

முன்னுரை

1816-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள், ஆங்கிலேயக் கடற்படையும் டச்சுக் கடற்படையும் இணைந்து வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் துறைமுக நகரின்மீது குண்டுவீச்சு நடத்தின. கடற்கொள்ளையை ஒடுக்குவதும், அந்நகரில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கிறித்தவர்களை மீட்பதும் அத்தாக்குதலின் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன. இந்நிகழ்ச்சி அக்காலத்து ஓவியர்களையும் அச்சுப்படப் பதிப்பாளர்களையும் பெரிதும் கவர்ந்தது. நெருப்பும் புகையும் சூழ்ந்த துறைமுகமும், அதன் நடுவே நங்கூரமிட்டு நிற்கும் போர்க்கப்பல்களும் கொண்ட அச்சுப்படங்கள் இலண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்தன. பிற்காலத்தில் அவை அரும்பொருட் காட்சியகங்களிலும் வரலாற்று நூல்களிலும் இடம் பெற்றன.

இப்படங்கள் அடிமைமுறை ஒழிப்பின் சான்றுகளாகப் பொதுவாகக் காட்டப்படுகின்றன. அவை சான்றுகளே, ஆயினும் எதற்குச் சான்று என்பது ஆராய்தற்குரியது. இத்தாக்குதலை நடத்திய தளபதி அதற்கு முன்னர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இந்தியக் கடற்பகுதியின் தலைமைத் தளபதியாக இருந்தவர். சென்னையை முதன்மைத் தளங்களுள் ஒன்றாகக் கொண்டு பணியாற்றியவர். அவர் பணியாற்றிய தமிழ்நாட்டில் அக்காலத்தில் அடிமைமுறை சட்டத்தின் ஏற்புடன் நிலவியது. அல்ஜியர்ஸ் தாக்குதலுக்குப் பின்னரும் 27 ஆண்டுகள் அது நீடித்தது. ஒரே கொடியின்கீழ் நிகழ்ந்த இவ்விரு நிலைகளையும் ஒப்புநோக்கி, அச்சுப்படம் என்னும் வரலாற்றுச் சான்றை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்க்காட்சி அச்சுப்படங்களின் இயல்பு

புகைப்படக்கலை தோன்றுவதற்கு முன்னர், தொலைவில் நடந்த போரைப் பொதுமக்கள் கண்டது அச்சுப்படங்களின் வாயிலாகவே. ஓவியர் வரைந்த காட்சியைச் செதுக்குநர் செப்புத் தகட்டில் மாற்றுவார். கோடுகளை மட்டும் செதுக்கும் முறையுடன், தகட்டின்மீது பிசின் தூளைப் படியவைத்து அமிலத்தால் அரிக்கச் செய்யும் 'அக்வாடின்ட்' என்னும் முறையும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. வானம், புகை, நீர்ப்பரப்பு ஆகியவற்றின் மென்மையான நிறவேறுபாடுகளைக் காட்ட இம்முறை மிகவும் ஏற்றது. ஆகவே கடற்போர்க் காட்சிகளுக்கு இது பெருவழக்காயிற்று. அச்சிட்ட தாளின்மீது கையால் வண்ணம் தீட்டுவதும் உண்டு. படத்தின் அடியில் போரின் பெயர், நாள், தளபதியின் பெயர் ஆகியன பொறிக்கப்படும். எனவே அச்சுப்படம் என்பது காட்சியும் எழுத்தும் இணைந்த ஓர் ஆவணம் எனலாம்.

இத்தகைய படங்கள் கர்நாடகப் பகுதிக்குப் புதியன அல்ல. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கார்ன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்ப் பேட்டையையும் கோட்டையையும் கைப்பற்றியது. அப்படையுடன் வந்த ஓவியர் ராபர்ட் ஹோம், பெங்களூர், சாவனதுர்கம் முதலிய இடங்களை வரைந்தார். அவற்றின் அச்சுப்படங்கள் மைசூர்க் காட்சிகளின் தொகுப்பாக 1794-இல் நூல்வடிவம் பெற்றன. பேட்டை வாயிலில் மாண்ட கர்னல் மூர்ஹவுசின் இறுதித் தருணத்தையும் அவர் ஓவியமாக்கினார். கோட்டையைக் காத்து நின்று மடிந்த மைசூர் வீரர் பலர். மூர்ஹவுசுக்குக் கிடைத்த தனி ஓவியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று பெங்களூரு நகரின் பழைய தோற்றத்தை அறிய ஹோமின் படங்கள் பெரிதும் உதவுகின்றன. ஆயினும் அவை முற்றுகையிட்டவரின் பக்கத்திலிருந்து காணப்பட்ட காட்சிகள் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வென்றவர் நின்ற இடமே படத்தின் பார்வையிடம் ஆகிறது. கடற்போர்ப் படங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

அல்ஜியர்ஸ் தாக்குதல்

அல்ஜியர்ஸ், துனிஸ், திரிபோலி ஆகிய நகரங்கள் பெயரளவில் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தும் பெரும்பாலும் தன்னாட்சியுடன் இயங்கின. அவற்றின் கப்பல்கள் நடுநிலக்கடலில் ஐரோப்பிய வணிகக் கப்பல்களைக் கைப்பற்றுவதும், பிடிபட்டோரை அடிமைகளாக்கிப் பிணைப்பணம் பெறுவதும் நெடுங்கால வழக்கம். மால்ட்டா முதலிய இடங்களைச் சார்ந்த கிறித்தவக் கப்பல்களும் முசுலிம்களைப் பிடித்து அவ்வாறே அடிமைகளாக்கின.

நெப்போலியப் போர்கள் முடிவுற்றபின், 1815 பிப்ரவரி 8-ஆம் நாள் வியன்னா மாநாட்டில் கூடிய அரசுகள் ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டன. அவ்வாணிகத்தை 1807-இல் தன் குடிகளுக்குத் தடைசெய்த பிரித்தானியா, ஐரோப்பியர்களே அடிமைகளாக வாடும் வட ஆப்பிரிக்காவைப் பற்றி வாளாவிருப்பது ஏன் என்னும் வினா எழுந்தது. நடுநிலக்கடல் கடற்படைத் தளபதி எக்ஸ்மவுத் பிரபு, 1816-இன் முற்பகுதியில் அம்மூன்று நகரங்களுக்கும் சென்று பேச்சு நடத்தினார். துனிசும் திரிபோலியும் இணங்கின. அல்ஜியர்ஸ் ஆட்சியாளரான 'டே' உமர் ஆகா உறுதியான விடை தரவில்லை. இந்நிலையில் மே 23-ஆம் நாள், பிரித்தானியப் பாதுகாப்பில் போனா கடற்கரையில் இருந்த இத்தாலிய, கார்சிக மீனவர் ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டனர். இச்செய்தி இலண்டனை எட்டியதும் தாக்குதல் முடிவு செய்யப்பட்டது.

எக்ஸ்மவுத்தின் அணியில் 5 பெரும் போர்வரிசைக் கப்பல்களும், அவற்றிற் சிறிய போர்க்கப்பல்களும், வெடிகுண்டுகளை உயர வீசும் மரக்கலங்களும் இருந்தன. வான் காபெல்லன் தலைமையில் டச்சுக் கப்பல்கள் ஆறு உடன் சேர்ந்தன. 27-ஆம் நாள் காலை, அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆபிரகாம் சலாமே என்னும் மொழிபெயர்ப்பாளர் கோரிக்கைகளை எடுத்துச் சென்றார். குறித்த நேரத்தில் விடை வரவில்லை. எக்ஸ்மவுத்தின் தலைமைக்கப்பலான 'குயின் சார்லட்', துறைமுக அலைதடுப்புச் சுவரின் முனைக்கு மிக அருகில் நங்கூரமிட்டது. அச்சுவரின்மீது மக்கள் கூடி வேடிக்கை பார்த்ததாகவும், அவர்களை விலகுமாறு தளபதி தொப்பியை அசைத்துச் சைகை காட்டியதாகவும் ஆங்கிலேய வரலாறுகள் கூறுகின்றன. பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன்னர் தொடங்கிய போர் இரவு வரை நீண்டது.

அன்று ஏறத்தாழ 118 டன் வெடிமருந்தும் 50,000 குண்டுகளும் செலவாயின. பிரித்தானியர் தரப்பில் 128 பேரும் டச்சுக்காரர் தரப்பில் 13 பேரும் மாண்டனர். 'இம்ப்ரெக்னபிள்' என்னும் ஒரு கப்பலில் மட்டும் 50 பேர் இறந்தனர். அல்ஜியர்ஸ் மக்களின் உயிரிழப்பை ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கில் மதிப்பிட்டனர். நேச அணியினரின் இழப்பு கப்பல்வாரியாகவும் ஆள்வாரியாகவும் எண்ணப்பட்டது. நகரத்தாரின் இழப்பு மதிப்பீடாகவே நின்றுவிட்டது.

தாக்குதலின் விளைவாக 'டே' இணங்கினார். 1,083 கிறித்தவ அடிமைகள் விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டில் முன்னர் நடந்த பேச்சுகளால் மீட்கப்பட்டோரையும் சேர்த்தால் தொகை 3,000-ஐத் தாண்டும். விடுதலை பெற்றோருள் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், சிசிலி, சார்தீனியப் பகுதிகளின் எளிய மக்கள். அவர்களுடைய விடுதலை உண்மையானது; அதன் மதிப்பைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆனால் உடன்படிக்கையின் சொற்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அது ஒழித்தது 'கிறித்தவர்களை அடிமைப்படுத்தும்' வழக்கத்தையே. சகாராப் பாலையைக் கடந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின ஆப்பிரிக்க அடிமைகள் அந்நகரில் அடிமைகளாகவே தொடர்ந்தனர். அல்ஜீரியாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1848-இல்தான். 1830-இல் அந்நாட்டைக் கைப்பற்றிய பிரெஞ்சு அரசே அதற்குள் அங்கு 18 ஆண்டுகள் ஆண்டிருந்தது. மேலும், அதே 1816-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், பிரித்தானியாவின் ஆட்சியில் இருந்த பார்படோசுத் தீவில் கரும்புத் தோட்ட அடிமைகள் புஸ்ஸா என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி சில நாள்களில் படைவலியால் அடக்கப்பட்டது. ஒரே ஆண்டில், ஒரே அரசின் படைகள், ஒரு கடற்கரையில் அடிமைகளை விடுவித்தன. மற்றொரு கடற்கரையில் அடிமைமுறையைக் காத்தன.

படங்களும் இந்தியத் தொடர்பும்

அல்ஜியர்ஸ் போரைத் தாமஸ் லூனி, தாமஸ் விட்கம்ப் முதலிய ஓவியர்கள் வரைந்தனர். கடற்படைச் சாதனைகளைத் தொகுத்து ஜேம்ஸ் ஜென்கின்ஸ் 1817-இல் வெளியிட்ட வண்ணப்படத் தொகுதி, விட்கம்ப் வரைந்த காட்சிகளைச் செதுக்கி அச்சிட்டது. ஜார்ஜ் சேம்பர்ஸ் 1836-இல் வரைந்த பெரிய ஓவியம் கிரீனிச்சில் உள்ளது. இவ்வகைப் படங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முன்பகுதியில் கப்பல்களும் சிறு படகுகளும்; நடுவில் புகைமண்டலம்; பின்னணியில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக உயரும் வெண்ணிற நகரம். கப்பலின் பாய்மரக் கயிறுகளும் கொடிகளும் நுட்பமாக வரையப்படுகின்றன. நகரம் ஒரு வடிவமாக மட்டும் நிற்கிறது. யாருடைய விடுதலைக்காகப் போர் நடந்ததோ அந்த அடிமைகளுக்குக் காட்சியில் இடமில்லை. போர் நடந்த வேளையில் அவர்கள் நகருக்குள் அல்லது அதற்கு வெளியே காவலில் இருந்தனர். கடலிலிருந்து நோக்கும் ஓவியரின் கண்ணுக்கு அவர்கள் எட்டாதவர்கள். அவர்களை அறிவிப்பது படத்தினடியில் உள்ள எழுத்தும் அதனைச் சூழ்ந்த செய்தியுமே.

இப்படங்களில் இந்தியத் தொடர்புடைய கூறுகள் இரண்டு உள்ளன. முதலாவது, தளபதியே. எக்ஸ்மவுத் பட்டம் பெறுமுன் எட்வர்டு பெலியூ என அழைக்கப்பட்ட இவர், 1804-இல் கிழக்கிந்தியக் கடற்பகுதியின் தலைமைத் தளபதியாக அமர்த்தப்பட்டு, 1805 முதல் 1809 வரை இக்கடல்களில் பணியாற்றினார். 1806 நவம்பரில் பத்தேவியாவிலும் 1807 டிசம்பரில் கிரேசிக்கிலும் டச்சுக் கப்பல்களை அழித்தார். பத்து ஆண்டுகள் கழித்து அதே டச்சுக் கொடி அல்ஜியர்சில் அவருடைய துணைக்கொடியாயிற்று.

இரண்டாவது, 74 பீரங்கிகள் கொண்ட 'மிண்டன்' என்னும் கப்பல். இது பம்பாயில் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா என்னும் பார்சிக் கட்டுமான வல்லுநரால் தேக்குமரத்தில் கட்டப்பட்டு, 1810-இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. ஆகவே, அல்ஜியர்ஸ் கோட்டையை நோக்கி நின்ற 5 பெருங்கப்பல்களுள் ஒன்று இந்தியத் தேக்கும் இந்தியத் தச்சர் உழைப்பும் கொண்டது. ஐரோப்பாவிற்கும் வட ஆப்பிரிக்காவிற்கும் இடைப்பட்டதாகத் தோன்றும் ஒரு போர், இந்தியப் பெருங்கடலின் வளங்களையும் பயிற்சியையும் அடிப்படையாகக் கொண்டிருந்தமை இதனாற் புலனாகிறது.

'கடற்கொள்ளையர்' என்னும் பெயரீடு

அல்ஜியர்ஸ் தாக்குதலுக்குரிய முன்மாதிரிகள் இந்தியக் கடற்கரையிலும் அரபிக்கடலிலும் இருந்தன. எனவே 'கடற்கொள்ளையர்' என்னும் சொல் இங்கு எவ்வாறு ஆளப்பட்டது என்பதையும் காண்பது பொருத்தமாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகேசியர் தாம் வழங்கிய கடவுச்சீட்டு இன்றிச் செல்லும் கப்பல்களைக் கைப்பற்றினர். தம்மை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களைக் கொள்ளையர் என்றனர். நான்காம் குஞ்ஞாலி 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார். பின்னர்க் கொங்கணக் கரையில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரே, தம் ஆட்சிக்குட்பட்ட கடலிற் செல்லும் கப்பல்கள் தம்மிடம் சீட்டுப் பெறவேண்டும் என்றார். போர்த்துகேசியர் கைக்கொண்ட அதே முறையை இந்தியர் ஒருவர் கைக்கொண்டபோது அது கொள்ளை எனப்பட்டது. அவருடைய மகன் துளாஜி ஆங்கிரேயின் கேரியா எனப்பட்ட விசயதுர்கக் கோட்டையை, 1756 பிப்ரவரியில் அட்மிரல் வாட்சனின் கப்பல்கள் தாக்கின. நிலப்படைக்குக் கிளைவு தலைமை தாங்கினார். பேஷ்வாவின் உடன்பாட்டோடு தொடங்கிய அத்தாக்குதலில் ஆங்கிரேயின் கப்பற்படை எரிந்தழிந்தது. மராட்டியக் கடல்வலிமையின் பெரும்பகுதியும் அதனோடு அழிந்தது. வாட்சனும் கிளைவும் சோழமண்டலக் கரைக்கு வந்து, அவ்வாண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து வங்காளத்திற்குப் புறப்பட்டனர். டொமினிக் செர்ரெஸ் 1771-இல் வரைந்த கேரியா ஓவியம், பிற்கால அல்ஜியர்ஸ் படங்களின் அமைப்பை முன்னறிவிப்பதுபோல் உள்ளது. இந்தியக் கடற்படையின் மும்பைத் தளம் ஒன்று இன்று ஆங்கிரேயின் பெயரைத் தாங்கியுள்ளது.

பெலியூ இந்தியாவை விட்டுச் சென்ற 1809-ஆம் ஆண்டிலேயே, பம்பாயிலிருந்து ஒரு படை பாரசீக வளைகுடாவிற்குச் சென்று, நவம்பரில் ராசல் கைமாவைத் தாக்கியது. அப்படையெடுப்பைப் பற்றிய 16 காட்சிகள் அச்சுப்படத் தொகுதியாக 1813-இல் வெளிவந்தன. 1819-இல் மீண்டும் ஒரு படையெடுப்பு நிகழ்ந்தது. அதன் முடிவில் 1820 சனவரியில் கையெழுத்தான பொதுக்கடல் உடன்படிக்கையின் 9-ஆம் விதி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்தோ பிற இடங்களிலிருந்தோ மக்களை அடிமைகளாகக் கவர்ந்து கப்பலில் ஏற்றிச் செல்வதைக் கொள்ளையோடும் கடற்கொள்ளையோடும் ஒப்பவைத்தது. கடற்கொள்ளையும் அடிமை வாணிகமும் ஒரே குற்றமாக எழுத்தில் இணைந்த அரிய சான்று இது. அதே வேளையில், வளைகுடா அரபியரைக் கொள்ளையர் எனக் காட்டியது கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிக நலம் சார்ந்த புனைவு என்று சார்ஜா ஆட்சியாளர் சுல்தான் பின் முகமது அல் காசிமி 1986-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் கருத்தை மறுப்போரும் உண்டு. எவ்வாறாயினும், பெயரிடும் உரிமை பீரங்கி உடையவரிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

சோழமண்டலக் கரையும் அடிமை வாணிகமும்

கடல்வழியே மனிதரை விற்கும் வாணிகம் தமிழகத்திற்குப் புறம்பானதன்று. பழவேற்காட்டிலும், 1658 முதல் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்ட டச்சுக் கம்பெனி, பஞ்சமும் போரும் நேர்ந்த காலங்களில் மக்களை மலிவாக வாங்கிக் கப்பலேற்றியது. பீசப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சைப் பகுதி சீரழிந்த 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும் ஏனையோர் பத்தேவியாவிற்கும் மலாக்காவிற்கும் அனுப்பப்பட்டனர் என்றும் வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் கணக்கிட்டுள்ளார். ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையிலிருந்து 1687 செப்டம்பரில் மட்டும் 665 அடிமைகள் ஏற்றுமதியாயினர் என்பதும் அவர் தரும் செய்தி. அல்ஜியர்சில் 1816-இல் குண்டுவீச்சினால் விடுதலை பெற்றோர் 1,083 பேர் என்பதை இங்கு நினைவுகூர்ந்தால், சென்னையின் ஒரு திங்கள் ஏற்றுமதி எத்துணைப் பெரியது என்பது விளங்கும். இக்கப்பல்களைத் தடுக்க எந்தக் கடற்படையும் வரவில்லை. அவற்றை ஓவியமாக வரைய யாரும் முற்படவுமில்லை.

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரும் தமிழகத்தில் அடிமைமுறை இருந்தது. கி.பி. 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சத்தால் வாடிய வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. சேக்கிழார் பாடிய சுந்தரர் வரலாற்றில் வரும் 'ஆளோலை', அடிமைப்பத்திரம் மக்கள் நன்கறிந்த வழக்காக இருந்ததைக் காட்டும். 'அடிமை' என்னும் சொல் பத்தி மரபில் இறைவன்பால் பணிவைக் குறிக்கும் உயர்சொல்லாகவும், உலக வழக்கில் விற்பனைப் பொருளாகிய மனிதனைக் குறிக்கும் சொல்லாகவும் இருபொருளில் நின்றது. 'பண்ணையாள்', 'படியாள்' முதலிய சொற்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்டோரைக் குறித்தன. இவற்றுள் எதுவும் ஆங்கிலேயர் அட்லாண்டிக் கடலில் கண்டறிந்த அடிமை வாணிகத்தோடு முற்றும் ஒப்பதன்று. ஆங்கிலேய அலுவலர்கள் இவ்வேறுபாட்டையே காரணமாகக் காட்டி, இங்குள்ளது மென்மையான பழவழக்கம். தலையிட வேண்டுவதில்லை என்று வாதிட்டனர்.

அல்ஜியர்ஸ் போர் நடந்த 1816-ஆம் ஆண்டு தமிழாய்வாளர் நன்கறிந்த ஆண்டு. திராவிட மொழிகள் தனியினம் என்னும் கருத்தை எல்லிஸ் வெளியிட்டது அவ்வாண்டில்தான். சென்னை ஆட்சியராக இருந்த அவர், மிராசு உரிமை குறித்த அரசின் வினாக்களுக்கும் அக்காலத்திலேயே விடை எழுதினார். அவ்விடைகள் 1818-இல் அச்சாயின. மிராசு நிலத்தோடு பிணைக்கப்பட்ட பறையர், பள்ளர் ஆகியோரின் நிலையை அவ்விடைகள் விளக்குகின்றன. 1819-இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமைமுறை பற்றிய அறிக்கைகளைக் கேட்டுப் பெற்றது. நிலத்தோடு சேர்த்தும் நிலமின்றித் தனியாகவும் ஆள்களை விற்பதும், அடகு வைப்பதும், வாடகைக்கு விடுவதும் அவற்றாற் புலனாயின. ஆயினும் உழைப்பாளர் விடுபட்டால் வேளாண்மை குன்றும், வேளாண்மை குன்றினால் நிலவரி குறையும் என்னும் அச்சம் அரசைத் தடுத்தது. மலபாரில் 1811-இல், கடத்தப்பட்ட திருவிதாங்கூர்ச் சிறுவர்கள் மர்டாக் பிரவுன் என்னும் ஐரோப்பியரின் அஞ்சரக்கண்டித் தோட்டத்தில் வேலைசெய்வதை நீதிபதி பேபர் கண்டறிந்தார். அவரைப்போன்று தாமே முன்வந்து விசாரித்தவர் சிலரே.

படமில்லாத விடுதலை

பிரித்தானிய நாடாளுமன்றம் 1833-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அடிமை உடைமையாளருக்கு 2 கோடி பவுன் இழப்பீடும் ஒதுக்கியது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளும் இலங்கையும் செயின்ட் எலினாத் தீவும் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. 1841-இல் இந்தியாவில் 80 முதல் 90 இலட்சம் அடிமைகள் இருந்தனர் என்பது பார்ட்டில் ஃபிரியரின் மதிப்பீடு. அவ்வாண்டில் இந்தியச் சட்ட ஆணையம் விரிவான அறிக்கை அளித்தது. அதன்பின்னரே 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. அரசு அலுவலர் எவரும் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரிப்பாக்கியை ஈடுசெய்யவோ ஒருவரை அடிமை என விற்றலாகாது. ஒருவர்மீது அடிமையுரிமை கொண்டாடும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்றலாகா. அடிமை என்னும் காரணத்தால் ஒருவர் ஈட்டிய உடைமையைப் பறித்தலாகாது. உரிமையுள்ள மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் செயல், அடிமை எனப்படுபவருக்குச் செய்தாலும் குற்றமே. முதற்பிரிவு சிறப்பாகக் கருதத்தக்கது. செய்யாத ஒன்றைச் சட்டம் தடைசெய்ய வேண்டுவதில்லை. வரிப்பாக்கிக்காக மனிதரை விற்கும் வழக்கம் ஆட்சி இயந்திரத்திற்குள்ளேயே இருந்ததை அது ஒப்புக்கொள்கிறது. மேலும், இச்சட்டம் அடிமைமுறையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கவில்லை. அதற்கிருந்த நீதிமன்ற ஏற்பை மட்டும் விலக்கியது. அடிமைகளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தாலேயே. இலங்கையில் 1844-இலும் திருவிதாங்கூரில் 1855-இலும் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது.

இச்சட்டத்தால் சிற்றூர்களில் உடனடி மாற்றம் விளைந்ததெனக் கூறவியலாது. நிலம் இல்லாதவருக்கு விடுதலை வேறு வாழ்வைத் தரவில்லை. கடன் என்னும் கயிறு அடிமைப்பத்திரத்தின் இடத்தைப் பிடித்தது. தமிழகத்து வேளாண் அடிமைமுறையை ஆராய்ந்த தர்மா குமார், பெனடிக்டே ஹியேல், எஸ். மாணிக்கம் ஆகியோர் இதனைப் பலவாறு விளக்கியுள்ளனர். ஆ. சிவசுப்பிரமணியனின் நூல் இவ்வரலாற்றைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தது. பலர் ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசு, நேட்டால் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் 1976-இல் இயற்றப்பட்டது என்பதே, 1843-இன் பணி முற்றுப்பெறவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும்.

முடிவுரை

அல்ஜியர்ஸ் அச்சுப்படம் பொய் கூறவில்லை. அது காட்டும் கப்பல்களும் நெருப்பும் உண்மையானவை. அன்று விடுதலை பெற்றோரும் உண்மையானவர்கள். ஆனால் ஒரே நாளில், ஒரே துறைமுகத்தில், பீரங்கியின் வாயிலாக நிகழ்வதே விடுதலை என்னும் எண்ணத்தை அது காண்போர் மனத்தில் பதிக்கிறது. அடிமைப்படுத்துவோர் எப்போதும் எதிர்க்கரையில் இருப்பவரே என்பதும் அப்பதிவின் ஒரு பகுதி. கொடியேற்றிய கப்பலின் தளபதி சில ஆண்டுகளுக்கு முன் தங்கிச் சென்ற கரையில், அதே கொடியின் நீதிமன்றங்கள் ஆளோலைகளை ஏற்றுக்கொண்டிருந்தன என்பதை எந்தப் படமும் காட்டாது.

தமிழகத்து அடிமைமுறையின் முடிவுக்குப் படம் இல்லை. அது வயல்களிலும் களத்துமேடுகளிலும் பல தலைமுறைகளாக நடந்த ஒன்று. அதனை வரைந்து விற்கும் பதிப்பாளர் எவரும் இலர். படம் இன்மையால் நினைவும் மெலிந்தது. அடிமைமுறை என்றால் ஆப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் மட்டும் எண்ணுகின்ற பழக்கம் நம்மிடையே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எனவே காட்சிச் சான்றுகளை ஆராய்வோர், படத்தில் உள்ளதைப் படிப்பதோடு அமையாது, அதே காலத்துக் கல்வெட்டு, ஓலை, வருவாய் அறிக்கை, சட்டம் ஆகியவற்றையும் அதனருகே வைத்துப் படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்கும்போது, 1816-ஆம் ஆண்டின் அல்ஜியர்சும் 1843-ஆம் ஆண்டின் நான்கு பிரிவுச் சட்டமும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாக விளங்கும். அவற்றுள் நம் ஊர்களைப் பற்றியது இரண்டாவது பக்கம். அதனை எழுதுவதற்குரிய சான்றுகள் தமிழில் மிகுதியாக உள்ளன. அவற்றைத் தொகுத்து ஆராய்வது தமிழாய்வாளர் கடமையாகும்.